ஸ்மார்ட்: அறிவா, அழகா, எரிச்சலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளை ஹோட்டலாக்கியிருக்கிறார்களே, அங்கே வேலை பார்க்கும் பையன்கள் வருகிறார்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள், வெளிநாட்டில் பேரன் பேத்தி வைத்திருக்கும் ஆச்சிகள் என்று எல்லா வயதிலும் ஆள் உண்டு. பாடம் எதுவாக இருந்தாலும் மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது கையைத் தூக்கி ‘ஸ்மார்ட்’ என்ற சொல்லில் வந்து நிற்பார்கள். ஒவ்வொரு தடவையும் கரும்பலகையில் எழுதி அழிப்பதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

சார், ஸ்மார்ட்னா அறிவாளியா, அழகா இருக்கிறவனா?

யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கர் சொன்னால் பெரும்பாலும் மூளையைப் பற்றிய பேச்சு: சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறவர். பிரிட்டிஷ்காரர் சொன்னால் முதலில் உடுப்பைப் பாருங்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, துடைத்த ஷூ, வாரிய தலை, இதெல்லாம் அவருக்கு ஸ்மார்ட். அறிவு என்ற பொருளும் இன்று அங்கே சகஜமாகிவிட்டது. ஆனாலும் உடுப்புப் பொருள் போகவில்லை.

‘ஆள் செம ஸ்மார்ட்டா இருக்கான்’ என்று நாம் முகவெட்டைச் சொல்கிறோமே, அது உடுப்புப் பொருளை நாம் இழுத்து நீட்டியது. துணி எடுப்பாக இருந்தால் ஆளும் எடுப்பாகத் தெரிகிறான், அப்படியே முகத்துக்கும் ஒட்டிக்கொண்டது. நமக்குள் பேசும்போது தவறில்லை. வெளியூர்க்காரரிடம் முகத்தை, தோற்றத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘குட் லுக்கிங்’ என்பதுதான் சரி.

நம் பக்கத்துப் பழைய வீடுகளின் முகப்பில் ரங்கூனிலும் பினாங்கிலும் எடுத்த போட்டோக்கள் தொங்கும். வேட்டிக்கு மேல் கோட்டு, கழுத்தில் அங்கவஸ்திரம், பக்கத்தில் குடை. பர்மாவும் மலாயாவும் இலங்கையும் வெள்ளைக்காரர் கையில் இருந்த காலத்தில் அங்கே போய்த் தொழில் செய்தவர்கள். அவர்கள் காதில் விழுந்திருக்கக்கூடிய ஸ்மார்ட் அந்தக் கோட்டைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்க ஓட்டல்ல ஒரு இங்கிலாந்தம்மா “யூ லுக் வெரி ஸ்மார்ட் டுடே”ன்னாங்க. நான் அன்னைக்கு ஒரு புத்திசாலித்தனமும் பண்ணலையே சார்?

விசாரித்துப் பார்த்ததில் அன்றைக்குத்தான் அவருக்குப் புது யூனிஃபார்ம் வந்திருக்கிறது. விஷயம் ‘லுக்’ என்ற வினைச்சொல்லில் இருக்கிறது. ‘யூ லுக் ஸ்மார்ட்’ என்றால் பார்க்க எடுப்பாக இருக்கிறாய். ‘யூ ஆர் ஸ்மார்ட்’ என்றால் நீ கெட்டிக்காரன். ‘தேங்க் யூ மேடம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும். பதிலுக்கு அந்த அம்மாவிடம் ‘யூ ஆர் வெரி ஸ்மார்ட்’ என்று சொல்லாதீர்கள். நீங்கள் நினைத்தது ஒன்று, அவர் எடுத்துக்கொள்வது ஒன்றாகிவிடும்.

டிக்‌ஷனரியில ஸ்மார்ட்டுக்கு “எரிச்சல்”னு போட்டிருக்கு. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. சொல்லின் ஆதிப் பொருளே அதுதான். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்மியோர்ட்டன்’ என்றால் வலித்தல். ஜெர்மன்காரர்கள் வலிக்கு இன்றைக்கும் ‘ஷ்மெர்ட்ஸ்’ என்கிறார்கள். டச்சு மொழியில் ‘ஸ்மார்ட்’ என்றே எழுதி, துயரம் என்று பொருள் கொள்கிறார்கள். எல்லாம் ஒரே குடும்பம். வினைச்சொல்லாக இன்றும் ஆங்கிலத்தில் புழக்கத்தில் இருக்கிறது. வாணலியில் வரமிளகாயை வறுக்கும்போது நெடி ஏறிக் கண் கரிக்கிறது இல்லையா, அதற்கு ‘மை ஐஸ் ஆர் ஸ்மார்ட்டிங்’. சின்ன வெங்காயம் ஒரு படி உரித்தாலும் அதுவே. கீறல் பட்ட இடத்தில் டிங்க்சர் வைத்தால் காந்துகிறதே, அதுவும் ஸ்மார்ட் ஆகிறது.

உடம்பு வலியோடு நிற்பதில்லை. பந்தியில் நாலு பேர் முன்னால் ஒருவர் ஏதோ சொல்லிவிட்டார், மூன்று நாளாகியும் ஆறவில்லை என்று வையுங்கள். ‘ஷீ இஸ் ஸ்டில் ஸ்மார்ட்டிங் ஃப்ரம் தட் ரிமார்க்’ என்பார்கள். சுருக்கென்று தைத்தது இன்னும் தைத்துக்கொண்டே இருக்கிறது.

வலிக்கும் அறிவுக்கும் என்ன சார் சம்பந்தம்? சும்மா கதை விடாதீங்க.

கேட்டது தேவகோட்டையிலிருந்து வரும் ஒரு பொண்ணு. நல்ல கேள்வி. படிப்படியாக நகர்ந்த சங்கதி இது. முதலில் சுருக்கென்ற வலி. பிறகு சுருக்கென்று விழும் அடி, சுருக்கென்று பதம் பார்க்கும் பேச்சு. அதிலிருந்து வேகம். வேகமாக நடப்பதற்கு ‘அட் எ ஸ்மார்ட் பேஸ்’ என்று இன்றும் சொல்கிறார்கள். 1300-ஐ ஒட்டிய காலத்திலேயே வேகம், சுறுசுறுப்பு, கெட்டிக்காரத்தனம் என்ற பொருள்கள் எழுத்தில் வந்துவிட்டன. மூளையின் வேகம்தானே கெட்டிக்காரத்தனம். உடுப்பு விஷயம் ரொம்பப் பின்னால், 18-ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது.

நம்ப முடியவில்லை என்றால் தமிழையே பாருங்கள். முள் குத்தினால் ‘சுருக்’. சீக்கிரம் வா என்பதற்கு ‘சுருக்கா வா’. ஒரே ஓசை வலிக்கும் வேகத்துக்கும் வேலை செய்கிறது. இதைவிடப் பெரிய சாட்சி நம் அடுப்படியில் இருக்கிறது. கறிக்குழம்பில் மிளகாய் தூக்கலாக இருந்தால் உறைக்கிறது என்கிறோம். ஒரு விஷயம் தாமதமாக மண்டைக்கு ஏறினால் என்ன சொல்கிறோம்? ‘எனக்கு இப்பத்தான் உறைச்சுது.’ நாக்கில் உறைப்பதற்கும் புத்தியில் உறைப்பதற்கும் தமிழன் ஒரே வினைச்சொல்லைத்தான் வைத்திருக்கிறான். ஆங்கிலேயன் வலியில் தொடங்கி அறிவுக்குப் போனதில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதைச் சொன்ன அன்று அந்தப் பொண்ணு, “அப்ப மண்டையில உறைக்காதவன்தான் ஸ்மார்ட் இல்லாதவனா?” என்றாள். அதற்கு மேல் நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

தமிழ்ல ஒரே சொல்லாச் சொல்லுங்களேன், எழுதி வச்சுக்கிறோம்.

ஒரே சொல்லில் அடங்காது. என்னிடம் கேட்டால் மிக நெருக்கமானது ‘சூட்டிகை’. குழந்தை சூட்டிகையாக இருக்கிறது என்றால் அறிவும் துறுதுறுப்பும் சேர்ந்தே வருகின்றன. அந்தச் சொல்லுக்குள் ஒரு சூடு இருப்பதுபோல என் காதுக்குக் கேட்கும். இது ரசனைதான், இலக்கணம் இல்லை. பெரியவர்களுக்குக் ‘கெட்டிக்காரர்’ பொருந்தும். அறிவாளி, விவேகி எல்லாம் கனமான சொற்கள். அவற்றில் வேகம் இல்லை. சமர்த்து என்றால் சொன்னபடி கேட்கிற பிள்ளை என்ற வாடை வந்துவிடுகிறது. ‘சமர்த்தா சாப்பிடு’ என்று ஊட்டும்போது யாரும் அறிவைச் சோதிப்பதில்லை.

கிளவர், இன்டெலிஜென்ட், பிரைட், ஷார்ப், எல்லாம் ஒண்ணுதானே? மாத்தி மாத்திப் போட்டா மார்க் கிடைக்குமா?

மார்க் கிடைக்கலாம். பேச்சில் ஆள் கண்டுபிடித்துவிடுவார். ‘இன்டெலிஜென்ட்’ ஒரு சாமானை எடைபோட்டுச் சொல்வதுபோல. புகழ்ச்சி உண்டு, சூடு இல்லை. ‘பிரைட்’ சின்னப் பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும் சொல்வது. அறுபது வயது வக்கீலை பிரைட் என்றால் அவர் சிரிப்பார். ‘வைஸ்’ வயதும் பட்டறிவும் சேர்ந்தது, விவேகம். ‘கன்னிங்’ நரித்தனம்.

‘கிளவர்’ கொஞ்சம் இரண்டுங்கெட்டான். நல்ல பொருள்தான், ஆனால் கை சாமர்த்தியம், தந்திரம் என்று ஒரு நிழல் கூடவே வரும். நம் ‘கெட்டிக்காரன்’ மாதிரியே. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று பழமொழியே இருக்கிறது. அறிவாளியின் புளுகு என்று யாரும் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

‘ஷார்ப்’ என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பெட்டியடிப் பையன். அந்தக் காலத்து வட்டிக்கடைகளில் தொழில் பழக வரும் சிறுவனுக்கு அந்தப் பெயர். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எடுபிடி செய்து, கணக்குப் பழகி, அடுத்தாளாகி மேலே போவான். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. இந்தப் பின்னங்களை வைத்துக்கொண்டு வட்டியை வாயாலேயே போட வேண்டும். ஒரு தம்படி உதைத்தாலும் கண்ணில் பட வேண்டும். அப்படிப்பட்டவனுக்கு ஷார்ப், குவிக் இரண்டும் பொருந்தும். கடன் கேட்டு வந்தவர் முகத்தைப் பார்த்தே இந்தப் பணம் திரும்புமா என்று கணிக்கத் தெரிந்த பிறகு அவன் ‘ஷ்ரூட்’. மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் இடையில் பத்து வருஷம் இருக்கிறது.

தம்பி, பேரன் ஸ்கூல்ல டீச்சர் “ஸ்மார்ட் குக்கீ”ன்னு எழுதிக் கொடுத்திருக்காளாம். பிள்ளை பிஸ்கட் எதுவும் எடுத்துட்டானா?

இது டல்லஸில் மகள் இருக்கும் ஓர் ஆச்சி கேட்டது. இல்லை ஆச்சி, பேரன் நல்ல பேர்தான் வாங்கியிருக்கிறான். அமெரிக்காவில் செல்லமாகச் சொல்வது. சுட்டிப் பிள்ளை, விவரமான பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கும் சொல்வார்கள். குக்கீ இங்கே வெறும் ஆள்.

ஸ்ட்ரீட் ஸ்மார்ட்னா தெருவில சுத்துறவனா?

தெருவில் ஏமாறாதவன். நம் பக்கத்துப் பேச்சில் இதற்கு அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: ‘விவரமான ஆள்’. படிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பஸ் ஸ்டாண்டில் யாரை நம்பலாம், சந்தையில் எவ்வளவுக்குக் கேட்கலாம், யாரிடம் எப்போது வாயை மூடிக்கொள்ளலாம் என்று தெரியும். இதற்கு எதிர்ப்பக்கம் ‘புக் ஸ்மார்ட்’: ஏட்டுப் படிப்பு உண்டு, ஆனால் ‘விவரம் பத்தாது’.

பெயர்ச்சொல்லாகவும் அமெரிக்காவில் பேசுவார்கள். ‘ஸ்ட்ரீட் ஸ்மார்ட்ஸ்’, கடைசியில் ‘ஸ்’ கட்டாயம். அதை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லாக ‘எ ஸ்மார்ட்’ என்றால் பழைய எரிச்சல் பொருளுக்குப் போய்விடும், மூன்றாம் கேள்வியைப் பாருங்கள்.

“ஓவர் ஸ்மார்ட்” தப்பான இங்கிலீஷ்னு ஒருத்தர் சொன்னார். அப்படியா?

தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இந்திய ஆங்கிலம். டெல்லியில் சொன்னாலும் மதுரையில் சொன்னாலும் புரியும்: அதிகப்பிரசங்கித்தனம். லண்டனில் சொன்னால் ஊகித்துக்கொள்வார்கள், ஆனால் அவர்கள் வாயில் அது வராது. அங்கே ‘டூ கிளவர் பை ஹாஃப்’ என்பார்கள். அமெரிக்காவில் பிறந்த ‘ஸ்மார்ட் அலெக்’ இரண்டு பக்கமும் ஓடுகிறது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் சொல், அதிகப்பிரசங்கி என்பதற்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

இங்கே ஒன்று கவனியுங்கள். ‘டோன்ட் கெட் ஸ்மார்ட் வித் மீ’ என்று யாராவது சொன்னால் அது பாராட்டின் எந்த வகையிலும் சேராது. ‘எங்கிட்டயே உன் வாயைக் காட்டாதே’ என்று பொருள். அமெரிக்கக் கம்பெனிக்காகப் போனில் பேசும் வேலைக்குப் போன ஒரு மாணவன், வாடிக்கையாளர் இப்படிச் சொன்னதும் ‘தேங்க் யூ சார்’ என்றிருக்கிறான். அழைப்பு அங்கேயே அறுந்துவிட்டது.

மோர் ஸ்மார்ட்டா, ஸ்மார்ட்டரா?

ஸ்மார்ட்டர், ஸ்மார்ட்டஸ்ட். அவ்வளவுதான். உச்சரிப்பில் மட்டும் ‘இஸ்மார்ட்’, ‘சுமார்ட்டு’ வேண்டாம். கடைசி ‘ட்’டையும் விழுங்கிவிட்டால் சுமார் என்று காதில் விழும், புகழப் போய் வம்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

கம்பெனி விருந்து, அழைப்புல “ஸ்மார்ட் கேஷுவல்”னு போட்டிருக்கு. வேட்டி கட்டிட்டுப் போலாமா சார்?

இது உடுப்புப் பொருள், முதல் கேள்வியின் பிரிட்டிஷ் பக்கம். கோட்டும் டையும் தேவையில்லை, அதற்காக லுங்கியும் பனியனுமாக வராதே என்று அர்த்தம். காலர் வைத்த சட்டை, கசங்காத பேன்ட், மூடிய செருப்பு அல்லது ஷூ. பெண்களுக்குப் பாந்தமான சுடிதார், புடவை எதுவும். இஸ்திரி போட்ட வேட்டியும் வெள்ளைச் சட்டையும் என் கணக்கில் ஸ்மார்ட் கேஷுவல்தான். கண்டாங்கிச் சேலை அதைவிட ஒரு படி மேல். நடத்துகிறவர் சென்னைக்காரராக இருந்தால் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

போன் ஸ்மார்ட், டிவி ஸ்மார்ட், ரேஷன் கார்டு ஸ்மார்ட். அதுக்கெல்லாம் மூளை இருக்கா?

மூளை இருப்பதுபோல நடந்துகொள்கிறது என்பதால் வந்த பேர். கருவிகளுக்கு இந்தச் சொல் பரவலாக வந்தது 1970-களில். வியட்நாம் போரின்போது அமெரிக்கா லேசர் ஒளி காட்டிய இலக்கைத் தேடிப் போய் விழும் குண்டுகளைப் போட்டது. அவற்றை ‘ஸ்மார்ட் பாம்’ என்றார்கள். இப்படிக் குண்டில் தொடங்கித்தான் போனுக்கு வந்திருக்கிறது இந்தப் பேர். ஐபிஎம் கம்பெனி 1994-இல் விற்ற சைமன் என்ற தொடுதிரை போனை முதல் ஸ்மார்ட்போன் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். மின்னஞ்சல், ஃபேக்ஸ் எல்லாம் அனுப்புமாம்.

ஸ்மார்ட் கார்டு என்று முதலில் சொன்னது உள்ளே சிப் வைத்த அட்டையை. உங்கள் ஏடிஎம் கார்டில் தங்க நிறத்தில் ஒரு சின்னச் சதுரம் இருக்கிறதே, அது. தமிழ்நாட்டில் 2017 ஏப்ரலில் பழைய புத்தகத்துக்குப் பதிலாக வந்த ரேஷன் அட்டையில் இருப்பது கியூஆர் குறியீடு. விவரமெல்லாம் கணினியில் இருக்கிறது, கடைக்காரர் கையிலிருக்கும் கருவி அதைப் படித்துச் சொல்கிறது. ஆக இங்கே ஸ்மார்ட் அட்டையா, கருவியா என்று கேட்டால் நான் கருவி பக்கம்தான் கை தூக்குவேன். ஸ்மார்ட் மீட்டருக்கு, ரீடிங் எடுக்க ஆள் வராமல் அதுவே கணக்கை அனுப்புவதால் அந்தப் பேர்.

ஊருக்கே ஸ்மார்ட் என்று பேர் வைத்தார்கள். 2015 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் உட்படத் தமிழ்நாட்டில் 11 நகரங்கள். காரைக்குடி மாநகராட்சியானதே 2024-இல்தான், பட்டியல் அதற்கு வெகுமுன்பே முடிந்துவிட்டது. ‘நாம ஏன் சார் ஸ்மார்ட் இல்லை?’ என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவே.

ஆபீஸ் ட்ரெய்னிங்ல “ஸ்மார்ட் கோல்ஸ்” எழுதச் சொல்றாங்க. புத்திசாலித்தனமான இலக்கா?

இது ஐந்து சொற்களின் முதல் எழுத்தைச் சேர்த்துக் கட்டிய பேர். ஜார்ஜ் டோரன் என்பவர் 1981-இல் ஒரு கட்டுரையில் எழுதினார்: ஸ்பெசிஃபிக், மெஷரபிள், அசைனபிள், ரியலிஸ்டிக், டைம் ரிலேட்டட். அதாவது இன்னது என்று தெளிவாக, அளக்கும்படி, இன்னார் பொறுப்பு என்று, நடக்கக்கூடியதாக, இன்ன தேதிக்குள். மூன்றாவது சொல்லை இப்போது பல இடங்களில் ‘அச்சீவபிள்’ என்று மாற்றிவிட்டார்கள். டோரன் வைத்ததே எனக்குப் பிடிக்கிறது. யார் பொறுப்பு என்று எழுதாத இலக்கு எங்கே உருப்படுகிறது?

பொண்ணு பயோடேட்டாவுல “ஸ்மார்ட் அண்ட் ஹோம்லி”ன்னு போடலாமா?

உள்ளூருக்குள் சுற்றும் தாள் என்றால் போடுங்கள், எல்லோருக்கும் பழகிய மொழி. வெளிநாட்டில் வளர்ந்த பையன் வீட்டுக்குப் போகிறது என்றால் யோசிக்க வேண்டும். ஸ்மார்ட் என்பதை அவர்கள் அறிவு என்று எடுத்துக்கொள்வார்கள், அதில் நஷ்டம் இல்லை. ‘ஹோம்லி’தான் வில்லங்கம். அமெரிக்காவில் அதற்குப் பொருள், பார்க்க அழகில்லாதவர். வீட்டுப் பாங்கான பெண் என்று நினைத்து ஒரு வீட்டில் இப்படி எழுதியதை, ‘புத்தி உண்டு, அழகு இல்லை’ என்று படித்துவிட்டு ஒரு பையன் அவன் ஆத்தாவிடம் விளக்கம் கேட்டிருக்கிறான். அந்த ஆத்தா எனக்குத் தெரிந்தவர், என்னிடம் கேட்டார். நல்லவேளை, போட்டோ இணைத்திருந்தார்கள்.

ரெண்டாவது கேள்வியில “லுக் ஸ்மார்ட்”னா உடுப்புன்னீங்க. ஆனா எங்க மேனேஜர் “லுக் ஸ்மார்ட்!”னு கத்துறாரே, அது என்ன?

நியாயமான கேள்வி, நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கட்டளையாக, முன்னால் ‘யூ’ இல்லாமல், குரலை உயர்த்திச் சொன்னால் ‘சுருக்கா ஆகட்டும்!’ என்று பொருள். ‘லுக் ஷார்ப்’ என்பதும் அதேதான். கொஞ்சம் பழைய பிரிட்டிஷ் வழக்கு. நாலாம் கேள்வியில் வேகம் என்று ஒரு படி சொன்னேனே, அந்தப் படியில் நிற்கும் ஸ்மார்ட் இது. கண்ணாடியைப் பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கேட்ட பையன் தலையைச் சொறிந்தான். முந்தைய நாள் மேனேஜர் கத்தியதும் நேராகப் போய்த் தலையை வாரி, சட்டையை உள்ளே செருகி, பெல்ட்டைச் சரிசெய்துவிட்டு வந்து நின்றிருக்கிறான். வளவில் உட்கார்ந்திருந்த நாலு விருந்தினருக்கும் அதற்குள் காபி ஆறிப்போயிருந்தது.